பழைய காரின் வாட்டர் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடர் மார்க் 3, அப்பா 1977-இல் வாங்கியது. அதன் வாட்டர் பம்பை இதுவரை மூன்று முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். முதல் இரண்டு முறை பம்பை மட்டும் பார்த்தேன். மூன்றாவது முறைதான் உள்ளே ஓடும் தண்ணீரையும் பார்த்தேன். அதற்கப்புறம் பம்பைத் தொட வேண்டிய தேவை வரவில்லை. ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்ற வண்டிகளைப் பற்றி நடுவில் ஒரு கேள்வி வருகிறது.

வாட்டர் பம்ப் அப்படி என்னதான் செய்கிறது?

ரேடியேட்டரின் அடியில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை இழுத்து எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. அங்கே சூடேறிய தண்ணீர் மேலே ஹெட் வழியாகப் போய்த் திரும்ப ரேடியேட்டரில் விழுகிறது. பட்டறைகளில் இதை 'வாட்டர் பாடி' என்பார்கள், கடையில் அந்தப் பெயரில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அமைப்பு எளிமையானது. ஒரே ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டு. அதன் முன்முனையில் ஹப், ஹப்பில் புல்லியும் ஃபேனும். பின்முனையில் தண்ணீருக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம். நடுவில் பேரிங், அதற்குப் பின்னால் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் சீல். சீலின் முகம் கார்பன். ஒரு ஸ்பிரிங் அதை இம்பெல்லரின் முகத்தோடு எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே பாடியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இந்த ஓட்டையைப் பற்றி இன்னும் பேசுவோம்.

பம்ப் தண்ணீரை நகர்த்தத்தான் செய்கிறது. சிஸ்டத்தில் பிரஷர் ஏறுவது சூட்டினாலும் ரேடியேட்டர் மூடியினாலும்தான். மூடி லூசாக இருந்து தண்ணீர் பொங்கினாலும் பல பேர் நேராகப் பம்பைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் மூடியின் ரப்பரைப் பாருங்கள். 7 பி.எஸ்.ஐ. பிரஷருக்கான மூடி சரியாகப் பிடித்தாலே தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 100 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 111 டிகிரிக்குப் போய்விடும்.

பம்ப் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேனின் எதிரெதிர் இரண்டு இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கையில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தாலும் பேரிங் கதை முடிந்தது. எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்ப் பாடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, பேரிங் அரைபடும் சத்தம் வருகிறதா என்று கேட்கலாம். இதைச் செய்யும்போது துண்டு, தாலிச் சரடு, தொங்கும் சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

சீல் போனால் அடையாளம் வேறு. பாடியின் அடியில் இருக்கும் அந்த ஓட்டையிலிருந்து சொட்டும். சொட்டிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு படிந்திருக்கும். ஓடும்போது சொட்டாமல், வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் சொட்டும் பம்புகளும் உண்டு. அதனால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பார்த்தால் பம்பா, ஓஸ் பைப்பா, ரேடியேட்டரா என்று தெரிந்துவிடும். புது சீல் போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ஓரிரு சொட்டு வந்தால் பயப்பட வேண்டாம். கார்பன் முகம் உட்கார்ந்ததும் நின்றுவிடும்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. சொட்டாது, சத்தம் வராது, ஆனாலும் வண்டி சூடாகும். உள்ளே இம்பெல்லர் அரித்துப் போயிருக்கும், அல்லது ஸ்பிண்டிலில் பிடிப்பு விட்டுத் தனியாகச் சுற்றும். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

சொட்டுகிற ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?

வேண்டாம். சீல் கசிந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே விழுவதற்காகத்தான் அந்த ஓட்டையே இருக்கிறது. அதை அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், கிரீஸ் கழுவிப் போகும், கொஞ்ச நாளில் பேரிங் உடையும். ஸ்பிண்டில் முன்னால் நகர்ந்தால் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும். ஒரு சீலோடு போயிருக்க வேண்டிய செலவில் ரேடியேட்டரும் சேர்ந்துகொள்ளும். பழைய பம்ப் வாங்கும்போதும் அந்த ஓட்டை திறந்திருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்து விற்கும் பம்புகளில் அது அடைபட்டே இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு பம்ப் போகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பதில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருக்கிறது.

எங்கள் தெருவில் போர் தண்ணீரைப் பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். வாயில் வைத்தால் கரிக்கும். கடலோரம் முழுக்க, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும், இப்படித்தான். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த விஷயம் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. அந்தத் தண்ணீரை அப்பா வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினார். அப்போது எல்லாரும் அப்படித்தான் ஊற்றினார்கள், தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்ற நினைப்பு. இரண்டாம் முறை பம்பைக் கழற்றியபோது இம்பெல்லரைக் கையில் வைத்துப் பார்த்தேன். இறக்கைகளின் ஓரம் கரையான் அரித்த பலகை போல இருந்தது. நகத்தால் சுரண்டினால் கருப்பாக மாவு கொட்டியது. பாடியின் உட்சுவரில் அரை மில்லிமீட்டருக்கு உப்புப் படிவு. சீலின் கார்பன் முகத்தில் வட்டமாகக் கீறல்கள், கிராமபோன் தட்டு மாதிரி.

நடப்பது இதுதான். உப்பில் இருக்கும் குளோரைடு வார்ப்பிரும்பை அரிக்கிறது. அரித்து உதிர்ந்த துருத் துகளும் கடினநீரின் சுண்ணாம்புப் படிவும் தண்ணீரோடு சுற்றுகின்றன. அவை கார்பன் முகத்துக்கும் எதிர்முகத்துக்கும் நடுவில் சிக்கி உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. சீல் கசிகிறது, பேரிங் நனைகிறது. புது பம்பைப் போட்டுப் பழைய தண்ணீரையே ஊற்றினால் இதே கதை மறுபடி தொடங்கும்.

அதனால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கூலண்ட் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கலாம். "சென்னையில் பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?" என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துருத்தடுப்பு மருந்து. வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினாலும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. பித்தளை ரேடியேட்டரும் ஈய சால்டரும் இருக்கும் பழைய வண்டிக்குப் பழைய வகைப் பச்சை கூலண்ட் நல்லது. புது வண்டிகளுக்கென்று வரும் நீண்டகால கூலண்ட்டுகளில் சில ஈய சால்டருக்கு ஆகாது என்று சொல்லப்படுகிறது. அந்தச் சோதனையை நம் வண்டியில் செய்ய வேண்டாம். பச்சை கூலண்ட்டை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். மருந்து தீர்ந்துபோன கூலண்ட் பச்சையாக இருந்தாலும் வேலை செய்யாது.

மீதிக் காரணங்களில் முதல் இடம் பெல்ட்டுக்கு. கத்துகிறது என்று இழுத்து இழுத்து டைட் வைத்தால் அந்தச் சுமை முழுக்க பம்ப் பேரிங் மேல்தான். அடுத்தது வளைந்த ஃபேன் இறக்கை. ஒரு இறக்கை வளைந்திருந்தால் ஸ்பிண்டில் ஒவ்வொரு சுற்றிலும் உதறும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பம்ப் வரை தண்ணீரில் மூழ்கிய வண்டிகளில் பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவேறிப் பிறகு சத்தம் கொடுத்தது.

புது பம்ப் வாங்குவதா, பழையதை ரீகண்டிஷன் செய்வதா?

பழைய பாடி வெடிக்காமல் இருந்தால் ரீகண்டிஷன் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பழைய வார்ப்பு கனமானது, துல்லியமாகக் கடைந்தது, பத்துப் பேரிங்கைப் பார்த்தாலும் தாங்கும். பேரிங்கோடு சேர்ந்த ஸ்பிண்டில், சீல், கசிவைத் தடுக்கப் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் எல்லாம் ஒரே கிட்டாகக் கிடைக்கும்.

ஒரு முறை அவசரத்துக்குப் புது பம்ப் ஒன்றை ஒரு கடையில் வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் உள்ளே உராயும் சத்தம். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரின் இறக்கைகள் பாடியைத் தொட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தன. ஹப்பும் ஸ்பிண்டிலும் நேர்கோட்டில் இல்லை, புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடியது. புதுசு எல்லாமே மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாங்கும் இடத்திலேயே ஹப்பைச் சுற்றிப் பாருங்கள், பின்பக்கம் இம்பெல்லர் எதையும் தொடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள், பேக்கிங் உட்காரும் முகத்தின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறினால் வாங்கலாம்.

பாடியில் விரிசல் இருந்தாலோ, சீல் உட்காரும் இடம் அரித்துக் குழியாகி, உள்ளே வளையம் (ஸ்லீவ்) செருகிச் சரிசெய்யும் நிலையையும் தாண்டியிருந்தாலோ மட்டும் பழையதை விட்டுவிடலாம். அப்போதும் அதைத் தூக்கிப் போடாமல், அளவு பார்க்க ஒரு ஓரமாக வைத்திருங்கள்.

சாமான்கள் எங்கே கிடைக்கும்?

அம்பாசடர் கிட் தேடுபவர்கள் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் போகிறார்கள். பேரிங் மட்டும் வேண்டும் என்றால் பாரிமுனை போதும். செம்புதாஸ் தெரு, லிங்கிச்செட்டி தெரு பக்கம் பழைய பேரிங்கையே கையில் எடுத்துப் போங்கள். வெளிவளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துக் காட்டினால் அந்த எண்ணுக்கோ அதற்கு இணையான எண்ணுக்கோ தேடித் தருவார்கள். எண் அழிந்திருந்தால் ஸ்பிண்டிலின் விட்டம், பேரிங்கின் வெளிவிட்டம், இரண்டு பக்கமும் ஸ்பிண்டில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற நான்கு அளவுகளையும் வெர்னியரில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது வண்டிப் பெயரைச் சொன்னால் போதாது, எஞ்சினைச் சொல்லுங்கள். அம்பாசடர் என்ற ஒரே பெயரில் 1489 சிசி பெட்ரோலும் வந்தது, டீசலும் வந்தது, பிற்காலத்தில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் வந்தது. பம்ப் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

1489 சிசி எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம். எம்.ஜி. கார்களிலும் அதே குடும்பம் என்பதால் அந்தப் பம்பை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். போல்ட் ஓட்டைகள் பொருந்தினாலும் ஹப்பின் நீளம் மாறியிருக்கலாம். பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து ஹப்பின் முகம் வரைக்கும் அளந்து, பழையதோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். சில மில்லிமீட்டர் கூடினால் ஃபேன் ரேடியேட்டரை நெருங்கும், பெல்ட் கோணலாக ஓடும்.

இந்தக் குடும்பத்தோடு நம் வடசென்னைக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான். ஆஸ்டின் பிறகு பி.எம்.சி.யில் சேர்ந்தது. 1955-இல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஏ40-இல் ஒன்று இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால், அதன் பம்ப் பாடியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள். எண்ணூரில் பூட்டிய வண்டி எண்ணூர் ரோட்டிலேயே ஓடுவதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

வீட்டிலேயே கழற்றலாமா? எந்த வரிசையில்?

கழற்றலாம். ஒரு நிதானமான அரை நாள் வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் ஒரு பேசினை வைத்து ரேடியேட்டர் டேப்பையும் பிளாக் டேப்பையும் திறந்து தண்ணீரை இறக்குங்கள். பிளாக் டேப்பைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டேப்பையே கழற்றி, ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். முதலில் குழம்பு மாதிரி பழுப்பாக வரும், அப்புறம் தண்ணீர் வரும். அந்தச் சேறு உள்ளேயே இருக்கும்வரை எந்தப் புது சீலும் நிலைக்காது.

ஓஸ் பைப்புகளைக் கழற்றி ரேடியேட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். எடுக்காமலே கையை விட்டுச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஸ்பேனர் நழுவினால் ரேடியேட்டரில் ஓட்டை. டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். ஃபேனையும் புல்லியையும் நான்கு போல்ட்டில் கழற்றுங்கள், ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டைனமோவின் முன்பக்கப் பிடிப்பு பம்ப் பாடியிலேயே இருப்பதால் அந்த போல்ட்டையும் எடுக்க வேண்டும். மிச்சம் பம்பைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான். எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வைத்தால் மாட்டும்போது தலைவலி இருக்காது.

போல்ட் ஒடிந்துவிட்டால்?

ஒடியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. முந்தின நாள் ராத்திரியே துருவிடுவிக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கழற்றத் தொடங்கும் முன் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு. முதலில் இம்மியளவு டைட் செய்து, பிறகு லூஸ் செய்யுங்கள். கீச்சென்று சத்தம் போட்டபடி வந்தால் நிறுத்திக் கொஞ்சம் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டியே எடுக்க வேண்டும்.

அப்படியும் ஒடிந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே பாதி துரு விட்டுவிடும். துண்டு உள்ளே புதைந்து ஒடிந்திருந்தால் நீங்களே ட்ரில் எடுக்காதீர்கள். ட்ரில் நழுவிப் பிளாக்கின் மரையைத் தின்றுவிட்டால் செலவு பல மடங்கு.

லேத் பட்டறையில் என்ன சொல்லிச் செய்ய வேண்டும்?

பம்ப் நிலைப்பதும் நிலைக்காததும் இங்கேதான் முடிவாகிறது. கொடுத்துவிட்டு வந்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள். எனக்குச் செய்து கொடுத்தவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். பம்பைக் கையில் வாங்கியதும் எதையும் தட்டவில்லை. துணியால் பாடியின் மேற்புறத்தைத் துடைத்து, அங்கிருந்த சின்னத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நோஸ் பிளேயரை விட்டு மெதுவாக இழுத்தார். ஒரு வளைந்த கம்பி வந்தது. "இத எடுக்காம பிரஸ்ல வெச்சா பாடி ரெண்டா போயிடும் தம்பி" என்றார். பழைய பம்புகளில் பேரிங் நகராமல் பூட்டி வைப்பது அந்தக் கம்பிதான். அது இருப்பதே தெரியாமல் பிரஸ்ஸில், அதாவது அழுத்தும் இயந்திரத்தில், நசுக்கி உடைத்த பாடிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஹப்பை புல்லர் போட்டு எடுக்க வேண்டும், சுத்தியலால் அடித்து அல்ல. பிறகு கம்பி. அதன்பின் ஸ்பிண்டில், பேரிங், சீல், இம்பெல்லர் எல்லாம் ஒன்றாகப் பின்பக்கமாக வெளியே வரும். இம்பெல்லரைத் தனியாக இழுத்து எடுப்பார்கள்.

பாடியைச் சுத்தம் செய்ததும் சீலின் கார்பன் உரசும் எதிர்முகத்தைப் பாருங்கள். விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. தடுத்தால் லேத்தில் லேசாக ஃபேசிங் அடிக்க வேண்டும், அதாவது முகத்தைச் சமமாகக் கடைய வேண்டும். புது சீல் போட்டும் ஒரு வாரத்தில் கசிகிறது என்று வரும் பம்புகளில் பெரும்பாலும் இந்த வேலை விட்டுப்போயிருக்கும்.

பூட்டும்போது பேரிங்கை அதன் வெளிவளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். ஸ்பிண்டிலைப் பிடித்து அழுத்தினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், முதல் நாளே பேரிங் கத்தும். பழைய வகைப் பேரிங்கில் கிரீஸ் போக ஒரு ஓட்டை இருக்கும். அது பாடியில் இருக்கும் கிரீஸ் ஓட்டைக்கு நேராக வர வேண்டும். இப்போது வரும் சீல் செய்த பேரிங்குகளில் அந்த ஓட்டையே இருக்காது, அவற்றுக்குக் கிரீஸ் வைக்க வேண்டியதும் இல்லை. பழைய வகையில் கிரீஸ் வைக்கும்போதும் கையால் கொஞ்சமாக வையுங்கள். கிரீஸ் கன்னால் அழுத்தினால் அது சீலைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்விடும்.

சீலின் கார்பன் முகத்தை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. சுத்தமான தண்ணீரால் நனைத்துப் போட்டால் போதும். கடைசியாக இம்பெல்லர். அதை அழுத்தும்போது ஸ்பிண்டிலின் முன்முனைக்கு அடியில் தாங்கு கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் பேரிங்குக்குப் போகும். இம்பெல்லர் இறக்கைக்கும் பாடிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்கும் இடைவெளி 0.5 முதல் 0.75 மி.மீ., பட்டறைப் பேச்சில் 20-லிருந்து 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறைந்தால் உரசும், கூடினால் தண்ணீர் இறக்கையைச் சுற்றி வழுக்கிப் போய்விடும், தள்ளும் வேகம் குறையும். ஹப்பின் முகமும் ஸ்பிண்டிலின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஹப்போ இம்பெல்லரோ கையால் தள்ளியே ஸ்பிண்டிலில் நுழைந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பசை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். பிரஸ்ஸில் கனமாக ஏற வேண்டும். ஓடும் ஃபேன் கழன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பேரிங், சீல், எதிர்முகம், இடைவெளி, இந்த நியாயம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அளவுகள் மாறும், அந்தந்த வண்டியின் கையேட்டைப் பாருங்கள். 1089 சிசி ஃபியட், பத்மினி இரண்டுக்கும் நம் ஊரில் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் புறநகரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பம்ப் ஹெட்டின் முன்னால் ஒரு தனிக் கூட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டின் உட்புறமும் அரித்திருக்கும் என்பதால் பம்பை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாமல் கூட்டையும் இறக்கிப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது பிளாக்கின் முகத்தில் கோடு விழக் கூடாது. உளியை விடப் பழைய பிளேடு நல்லது. புது பேக்கிங்கின் இரு பக்கமும் பேஸ்ட் மெல்லிசாகத் தடவினால் போதும். பிதுங்கும் அளவுக்கு வைத்தால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக டைட் செய்யுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் பி சீரிஸுக்கு 17 அடி-பவுண்டு. மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

பெல்ட்டின் நீளமான பகுதியில் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்குக் குறைந்தால் டைட், கூடினால் லூஸ்.

கூலண்ட் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், குமிழ் வரும். நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது திரும்பவும் மட்டம் பாருங்கள்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிட்டார். சரியா?

நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் ரொம்ப நேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடும், சிலிண்டர் தேயும். பழையது சந்தேகமாக இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்காவிட்டால் புதுசு வாங்குங்கள், அது அப்படி ஒன்றும் விலை இல்லை.

கசிவுக்கு மஞ்சள் தூள் போடலாம் என்கிறார்களே?

கும்மிடிப்பூண்டி தாண்டி, நடுரோட்டில், ராத்திரி நேரத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் வீடு வந்து சேர உதவும். மறுநாளே எல்லாவற்றையும் இறக்கிக் கழுவிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் களிமண் போல உட்கார்ந்துவிடும். பம்ப் சீல் கசிவுக்கு அது எதுவும் செய்யாது.

பம்ப் புதுசு, தண்ணீர் சுத்தம். ஆனாலும் எண்ணூர் ரோட்டில் நிற்கும்போது சூடேறுகிறது?

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் ஊர்ந்தால் எந்தப் பழைய வண்டியும் திணறும். காரணம் எளிது. ஐடிலில் ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறது, பம்பும் மெதுவாகச் சுற்றுகிறது, எதிர்க்காற்றும் இல்லை. நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் டெம்பரேச்சர் முள் இறங்கும். இறங்கினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். இறங்காவிட்டால் ரேடியேட்டரைக் கொடுத்து மேல் டேங்க்கைப் பிரித்து, குழாய்களில் ராடு விட்டு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம், பின்தங்கியிருந்தாலும் சூடேறும்.

கொதித்துவிட்டால் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

இறக்கிய பழைய கூலண்ட்டை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றாதீர்கள், தெருவில் பேசினோடு விட்டுவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். தெருநாயோ பூனையோ நக்கிவிட்டால் செத்துப்போகும். கேனில் மூடி, கழிவு ஆயில் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது. பம்புக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். கார்பன் முகம் எதிர்முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே செல்ஃப் அடித்தால் ஒட்டிய இடம் பிய்ந்துவிடும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், பெல்ட்டைத் தளர்த்தி ஃபேனைக் கையால் இரண்டு மூன்று சுற்று மெதுவாகச் சுற்றுங்கள், பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் முழுக்க இறக்கி வைத்திருந்தால் நிரப்பாமல் ஒரு நிமிஷம் கூட ஓட்டக் கூடாது, சீல் தண்ணீரிலேயேதான் குளிர்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வாசலில் நிறுத்தி, ஆறிய பிறகு குனிந்து அந்தச் சின்ன ஓட்டையை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் சரி.